பாண்டுங்கில் மலைப்பக்கம் எது?

எந்த ஊரைச் சொன்னாலும் அந்த ஊரை முழுசாகப் பார்க்க எங்கே ஏறி நிற்க வேண்டும் என்று நியோமன் சத்ரா சொல்லிவிடுவார். சுரபாயா என்றால் கடைத்தெருவில் கார் நிறுத்தும் கட்டடத்தின் மொட்டைத் தளம். காவல்காரன் கேட்டால், வண்டியை எந்த மாடியில் விட்டோம் என்று மறந்துபோச்சு என்று சொல்லிக்கொண்டே மேலே நடக்க வேண்டும். மலாங் என்றால் ரயிலடிக்குப் பக்கத்திலுள்ள நடைமேம்பாலமே போதும். யோக்யகர்த்தாவில் ஏறவே வேண்டாம். அங்கே மலைக்கு மரியாதை தெரியும், தெருமுனைக்கே வந்து நிற்கும்.

வெளியூர் கிளம்பும் எங்கள் ஊர்ப் பையன்கள் படம் எடுக்க நல்ல இடம் கேட்டு அவரிடம்தான் போவார்கள். "உச்சிக்குப் போகாதீங்கடா. அங்க மரம் மறைக்கும், இல்லாட்டி காப்பிக்கடைக்காரன் பெயர்ப்பலகை மறைக்கும். குன்றோட தோள்பட்டைக்குப் போங்க. விடிகாலைல போங்க. தங்குற விடுதில வழி கேக்காதீங்க, புறா விடுறவனைக் கேளுங்க. அவனுக்குத்தான் வானம் எங்க திறந்து கிடக்குதுன்னு தெரியும்" என்பார். பையன்களும் போய் நின்று, அசந்துபோய், ஊருக்கெல்லாம் படம் அனுப்புவார்கள்.

இத்தனை சொல்லும் மனிதர் ஒருநாளும் காட்சி பார்த்ததில்லை. ஊர் அழகாக விரிந்து கிடக்கும். விளக்கு, ஆறு, ஓட்டுக்கூரை எதுவும் அவர் கண்ணில் படாது. மலை எங்கே என்று தேடுவார். கண்டதும் "அப்பாடா, அதோ இருக்கு" என்று பெருமூச்சு விட்டுவிட்டு இறங்கிவிடுவார்.

பாலித்தீவில் பிறந்த எங்களுக்கு இது புரியும். எங்களுக்கு மலைப்பக்கம், கடல்பக்கம் என்றுதான் பேச்சு. "கொஞ்சம் மலைப்பக்கமா நகர்ந்து உக்காரு" என்போம். "கடல்பக்கத்துக் கன்னத்துல சோறு ஒட்டியிருக்கு, துடைச்சுக்கோ" என்போம். தலை மலைப்பக்கம் வைத்துத்தான் படுப்போம். வீட்டுக்கோயிலையும் மலையும் கிழக்கும் சேரும் மூலையில்தான் வைப்போம். எல்லாருக்கும் உள்ள பழக்கம்தான், ஆனால் சத்ராவுக்குக் கொஞ்சம் முற்றிவிட்டது. எங்கள் தீவின் ஆகுங் மலை கண்ணுக்கு மறைந்து, பதிலுக்கு வேறொரு மலையும் கிடைக்காவிட்டால் தலை சுற்றும். சோறு இறங்காது. படுத்தால் கட்டில் மெல்லத் திரும்புவதுபோல இருக்கும்.

வேனோட்டிப் பிழைத்தவர். ஊர்ப் பெண்கள் ஜாவாவுக்குக் கோயில் யாத்திரை போகும்போதெல்லாம் வண்டி அவருடையதுதான். புது ஊருக்குள் நுழைந்ததும் விடுதிக்குப் போகமாட்டார், மேடு தேடிப் போவார். பின் சீட்டிலிருந்து, எந்த யாத்திரையையும் விடாத பக்கத்து வீட்டு மாடே கெர்த்தி கத்துவாள்: "அண்ணே, மலை எங்கேயும் ஓடிப்போகாது. எனக்குத்தான் இப்ப ஓடணும், கழிவறை எங்க இருக்கு?" சத்ரா காதில் வாங்கமாட்டார். ஒருமுறை ஜகார்த்தாவில் மாடிமேல் மாடியாக ஏறியும் புகை மூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. தூக்கம் கெட்டு, கண் சிவந்து, பாதி யாத்திரையிலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். அதற்கப்புறம் தீவைத் தாண்டும் பயணமென்றால் வேறு வேன்காரனைக் கைகாட்டிவிடுவார்.

அவருடைய மூன்றாவது மகள் கோமாங் சுவார்த்தி கல்யாணமாகி ஜாவாவிலுள்ள பாண்டுங் நகரத்துக்குப் போய் நாலு வருஷமாகிறது. மாப்பிள்ளை ஓகாவும் பாலிக்காரன்தான்; ஆனால் பட்டாளத்து அப்பாவுக்குப் பாண்டுங்கிலேயே பிறந்து வளர்ந்தவன். சத்ராவின் மனைவி இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். சத்ரா போகவில்லை. வேனைப் பழுதுபார்க்க வேண்டும், கோயில் திருவிழா வருகிறது, பன்றி குட்டி போட்டிருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் கிடைத்துவிடும்.

பிறகு ஒருநாள் மகள் போனில் அழைத்தாள். கல்லில் செய்த சின்ன வீட்டுக்கோயில் வாங்கி வாசலில் சாக்குச் சுற்றி வைத்திருக்கிறோம், பௌர்ணமிக்குப் பூசாரி வருகிறார், எந்த மூலையில் வைப்பதென்று தெரியவில்லை, நீங்கள் வந்து சொல்லுங்கள் என்றாள். சத்ரா அன்றைக்கே பையைத் தூக்கினார். தப்பான மூலையில் வைத்துவிட்டால் மகள் காலமெல்லாம் தெய்வத்துக்கு முதுகைக் காட்டிக் கும்பிட வேண்டியதாகிவிடுமே என்ற பயம் அவருக்கு.

பாண்டுங் பேருந்து நிலையத்தில் ஓகா மோட்டார் சைக்கிளோடு காத்திருந்தான். "மாமா, முதல்ல வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்."

"சாப்பாடு கிடக்கட்டும். உயரமான இடம் எது?"

நகரத்து நடுவில் பெரிய மசூதியின் கோபுரத்துக்குக் கூட்டிப்போனான். மேலே குழந்தை குட்டிகளோடு குடும்பங்கள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றன. மூன்று பக்கமும் மேகம். ஒரு பக்கம் மட்டும் திறந்து, அங்கே ஒரு மலை தடித்த தோளோடு உட்கார்ந்திருந்தது. பெயர் மலபார் என்று யாரோ சொன்னார்கள். சத்ராவின் முகம் மலர்ந்துவிட்டது.

"அவ்வளவுதான் மாப்பிள்ளை, முடிஞ்சுபோச்சு. அதுதான் மலைப்பக்கம்."

வீட்டுக்கு வந்ததும் கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னார். வீட்டுக்கோயில் நிற்க வேண்டிய மூலையில் தானே சுண்ணாம்பால் கட்டம் வரைந்தார். ஓகா வேர்த்து விறுவிறுத்துக் கட்டிலை இழுத்தான். கோமாங் வாயைத் திறக்கவில்லை. ஆவி பறக்கச் சோறு போட்டாள். நன்றாகச் சாப்பிட்டார்.

மறுநாள் காலையில் பல் தேய்க்க வாசலுக்கு வந்தவர் பிரஷ்ஷோடு அப்படியே நின்றுவிட்டார். மேகம் விலகி, நேர் எதிர்ப்பக்கத்தில் இன்னொரு மலை தெரிந்தது. படகைக் கவிழ்த்து வைத்த மாதிரி, நீளமாக.

"மாப்பிள்ளை! அது என்னது?"

"தங்குபான் பராஹு, மாமா. எரிமலை."

"எரிமலையா? உசுரோட இருக்குதா?"

"அப்பப்ப புகை விடும்."

"அட பாவி, இதை நேத்தே சொல்லக்கூடாதா? எங்க ஆகுங்கும் எரிமலைதானேப்பா! உசுரோட இருக்கிற மலையை விட்டுட்டு ஒரு தூங்குமூஞ்சி மலையைப் பாத்து எம் மகளைப் படுக்க வச்சிட்டேனே!"

கட்டில் மறுபடி திரும்பியது. பழைய கட்டத்தைக் காலால் தேய்த்து அழித்துவிட்டு எதிர்மூலையில் புதுக்கட்டம் வரைந்தார். ஓகா பெண்டாட்டியைப் பார்த்தான். "விடு, அப்பா சொன்னபடி செய்" என்றாள் அவள். சாயங்காலம் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கட்டடத்து மாடியில் ஏறிப் பார்த்தபோது கிழக்கிலும் ஒன்று முளைத்திருந்தது. சத்ரா யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்குச் சாப்பாட்டை அளைந்துவிட்டு எழுந்துவிட்டார்.

வழியில் ஓகாவை அவர் படுத்திய பாடு வேறு. நாலு ரோடு சந்திப்பில் பின்னாலிருந்து, "மலைப்பக்கம் திரும்பு, மாப்பிள்ளை" என்பார்.

"எந்த மலைப்பக்கம், மாமா?"

"அட மலைப்பக்கம்னா மலைப்பக்கம்தான்! நீயெல்லாம் என்ன பாலிக்காரன்? உங்கப்பா ஒண்ணும் சொல்லிக் குடுக்கலையா?"

"எங்கப்பா பட்டாளத்து சல்யூட் அடிக்கத்தான் மாமா சொல்லிக் குடுத்தாரு." பின்னாலிருந்த வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்தன. யார் மேல் கோபப்படுவதென்று சத்ராவுக்கே தெரியவில்லை.

பௌர்ணமி நெருங்கிவிட்டது. புறா விடும் ஒருவரைத் தேடிப்பிடித்துக் கேட்டார். ஊர் மொத்தமும் தெரிய வேண்டுமானால் மோகோ குன்றுதான், இருட்டோடு கிளம்பிவிடுங்கள் என்றார் அவர். மோட்டார் சைக்கிள் திணறித் திணறி ஏறியது. செங்குத்தான இடங்களில் மாமனார் இறங்கித் தள்ளினார். தோள்பட்டையில் நின்றால் போதும் என்று தானே எல்லாருக்கும் சொன்னவர், சந்தேகத்துக்கு உச்சிக்கும் போய்விட்டார்.

விடிந்தது. ஒரு துளி மேகம் இல்லை. அப்படியொரு காலை வாய்ப்பது அபூர்வம் என்று பக்கத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் குதித்தார்கள். கீழே பாண்டுங் முழுசாகக் கிடந்தது. அதைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை. தெற்கே ஒரு கூட்டம், வடக்கே படகு, கிழக்கே ஒன்று, மேற்கே மங்கலாக இன்னும் நாலைந்து. சத்ரா ஒரு சுற்றுச் சுற்றினார். இன்னொரு சுற்றும் சுற்றினார். ஊர் சோற்றுச்சட்டி அடிபோல இருந்தது. அதன் விளிம்பெல்லாம் மலை.

சோளம் சுட்டு, இஞ்சித் தண்ணீர் விற்கும் ஒரு பெண் அங்கே அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். அவளிடம் போனார்.

"ஏம்மா, இந்த ஊருக்கு மலைப்பக்கம் எது?"

"நீங்க நிக்கிறதே மலைதானே, ஐயா."

"அது தெரியுதும்மா. கீழே ஊருக்குள்ள இருக்கிறவங்களுக்கு எது மலைப்பக்கம்?"

"அதான் சுத்தி வச்சிருக்கே? எது பிடிச்சிருக்கோ எடுத்துக்குங்க. காசா, பணமா?"

"சரி, கடல்பக்கம்?"

"கடலா?" அவள் சிரித்துவிட்டாள். "பொறந்ததுலேர்ந்து நான் கடலைப் பாத்ததே இல்ல. சோளம் வேணுமா?"

சத்ரா மறுபடியும் ஒரு சுற்றுச் சுற்றத் தொடங்கினார். ஓகா ஓடிவந்து தோளைப் பிடித்து உட்கார வைத்தான். அறுபதைத் தாண்டிய மனிதர், எத்தனையோ ஊரில் எத்தனையோ மேடு ஏறி இறங்கியவர், அந்தக் குன்றின் புல்லில் திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி முழித்துக்கொண்டிருந்தார். மலை இல்லாத ஊரில் திகைத்திருக்கிறார். மலை அதிகமாகிப்போன ஊரில் என்ன செய்வதென்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஓகா வாங்கித் தந்த இஞ்சித் தண்ணீரைக் கையில் வைத்தபடியே ஆறவிட்டார்.

"மாப்பிள்ளை, எனக்குத் தெரியல" என்றார் கடைசியில். "அவகிட்ட எப்படிச் சொல்லுவேன்? இதுக்குன்னே வந்தேன்."

"அவகிட்டயே சொல்லிப் பாருங்க, மாமா" என்றான் ஓகா. அவன் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்தபோது கோமாங் மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். வந்த நாளாக சத்ரா அந்த மாடிக்கு ஏறியதில்லை. ஓட்டு வீடு மாதிரி தாழ்ந்திருந்த அந்த மாடியிலிருந்து என்ன தெரிந்துவிடப் போகிறது? சொல்ல வேண்டிய வார்த்தையைப் படிக்குப் படி மனசுக்குள் ஓட்டிப்பார்த்துக்கொண்டே ஏறினார்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து மூலையில், இரண்டு செங்கல் மேல் ஒரு பலகை. பலகை மேல் ஓலையில் முடைந்த பூத்தட்டு, காலையில் வைத்தது, வாடாமல் இருந்தது. அதன் கீழே பழைய தட்டுகள் காய்ந்து பழுப்பாகக் குவிந்து கிடந்தன. ஒரு கண்ணாடி டம்ளர் நிறைய ஊதுவத்திக் குச்சிகள், பாதிக்கு மேல் சாம்பல். சுவரில் புகை படிந்து கறுத்திருந்தது. ஒரு மாதத்தில் இரண்டு மாதத்தில் கறுக்கிற கறுப்பு இல்லை அது.

"இது என்னம்மா?"

கோமாங் கையிலிருந்த கைலித்துணியைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினாள். "சாமி கும்பிடுற இடம்ப்பா."

"எப்பலேர்ந்து?"

"நாங்க இங்க குடிவந்த வாரத்துலேர்ந்து. இந்த ஊர்ல இருக்கிற நம்ம பாலிக் கோயில் பூசாரிகிட்டப் போய்க் கேட்டேன். வெளியூர்ல எல்லாரும் சூரியன் உதிக்கிற பக்கத்தை வச்சு வடகிழக்கு மூலைதான் பாப்பாங்க, அங்க வச்சுக்கோம்மான்னாரு. வீட்டுக்கோயிலும் இந்த மூலைக்குத்தான் வரப்போகுது. பீடத்துக்குச் செங்கல்லு சொல்லியாச்சு."

சத்ராவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மலபார், படகு மலை, அழித்து அழித்து வரைந்த கட்டம், இந்தப் பிள்ளை வாயைத் திறக்காமல் கட்டிலைத் திருப்ப விட்டது, எல்லாம் ஒன்றாகக் குழம்பியது. "அப்ப உனக்குத் தெரியும்? தெரிஞ்சுக்கிட்டே என்னை ஏம்மா வரச் சொன்ன?"

"நாலு வருஷமா சும்மா வாங்கப்பான்னுதான் கூப்பிட்டேன்." அவள் குரல் உயரவில்லை. "வந்தீங்களா?"

வேன் பழுது, திருவிழா, பன்றிக்குட்டி எல்லாம் அவர் நாக்கு நுனிவரை வந்து, வந்த வழியே திரும்பிப்போயின. கோபப்படலாமா என்று பார்த்தார், கோபம் வரவில்லை. வெட்கம்தான் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு இன்னும் எது எந்தப் பக்கம் என்று தெரியவில்லை, தலையும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

"பௌர்ணமிக்கு அப்புறமும்," என்றார் மெதுவாக, வேற்று வீட்டில் இடம் கேட்கிறவர்போல, "நான் கொஞ்ச நாள் இங்க இருக்கலாமாம்மா?"

கோமாங்கின் வாயில் துணிக்கிளிப் இருந்தது. அதை எடுக்கத் தோன்றாமல் தலையை மட்டும் ஆட்டினாள், ஆட்டிக்கொண்டே இருந்தாள்.