பிராங்பர்ட்டிலிருந்து வந்த சின்னப் பெட்டி

சகோதர சகோதரிகளே, எனக்கு நீட்டிப் பேச வராது. பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என் மகள் ஸ்டெல்லாவுக்குப் பன்னிரண்டு வயது. அவள் உடம்பில் ரத்தம் ஊறுவது நின்றுபோனது. வேறு ஒருவரின் எலும்பு மஜ்ஜை அணுக்களை ஏற்றினால்தான் பிழைப்பாள் என்றார்கள். எங்கள் சொந்தத்தில் யாருடையதும் பொருந்தவில்லை. ஜெர்மனியில் ஒருவருடையது பொருந்தியது. பேர் சொல்ல மாட்டார்களாம்.

"ஒரு ஆள் கையிலேயே பெட்டில எடுத்துக்கிட்டு விமானத்துல வருவார். பிராங்பர்ட்டிலிருந்து சென்னைக்கு ஏழாயிரத்து அறுநூறு கிலோமீட்டர். நேரா பறந்தா பத்து மணி நேரம்" என்றார் டாக்டர்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "நெறைய ஐஸ் போடச் சொல்லுங்க சார்."

டாக்டர் சிரித்தார். "உறைஞ்சா அணுவெல்லாம் செத்துடுங்க. குளிர்ச்சியா இருந்தா போதும்."

கட்டிலில் இருந்த ஸ்டெல்லாவும் சிரித்தாள். "இன்னா நைனா, அத வஞ்சிர மீனுன்னு நெனச்சிக்கினியா?"

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அவளுக்குக் கடும் மருந்து கொடுத்தார்கள். அது பழைய மஜ்ஜையை அழித்துவிடும். அதற்குப் பிறகு திரும்ப வழியில்லை. அங்கே எடுத்த மூன்று நாளுக்குள் இங்கே ஏற்றியாக வேண்டும்.

எடுத்த அன்று பிராங்பர்ட்டில் பனி கொட்டியது. விமானம் ரத்து. மறுநாளும் ரத்து.

என் மனைவி மேரி ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "படகு நின்னா நீந்தியாச்சும் வரலாம். வானத்துல இன்னாய்யா பண்ணுவாங்க?" என்றாள்.

அவள் தம்பி அந்தோணி, "பொட்டிக்கே ரெக்க மொளச்சி வரும் பாருக்கா" என்றான். அழுதுகொண்டே அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

நான் பஸ் பிடித்துச் சாந்தோம் கோயிலுக்குப் போனேன். முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, பொட்டி வரணும்." வேறு வார்த்தை வரவில்லை. அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். மத்தியானம் ஆயிற்று. போன் அடித்தது. டாக்டர்தான்.

"சீட் கிடைச்சிடுச்சு. வர்றார்."

பெட்டிக்காரர் ரயிலேறி வேறு ஊர் விமான நிலையத்துக்குப் போயிருக்கிறார். துபாய் வழியாகச் சென்னைக்கு வரும் விமானம். சுற்று வழி. தூரம் கூடுதல், நேரம் கூடுதல். ஆனாலும் கெடுவுக்குள் வந்துவிடும். அதிலும் இடமில்லை. வரிசையில் நின்ற யாரோ விஷயத்தைக் கேட்டுத் தன் இடத்தைக் கொடுத்துவிட்டார். பண்டிகைக்கு வீட்டுக்குப் போகிறவராம்.

மறுநாள் காலை பெட்டி வந்தது. கொண்டுவந்தவருக்கு வெள்ளைத் தாடி. வேர்த்துக் கொட்டியது. நர்ஸ் கையில் பெட்டியைக் கொடுத்த உடனே கழிவறை எங்கே என்று கேட்டார். விமானத்தில் பெட்டியை விட்டு எழுந்திருக்கவே இல்லையாம். மேரி கூப்பிய கையை இறக்கிக்கொண்டாள். "மொதல்ல போய்ட்டு வா நைனா. அப்பால கும்புட்டுக்கறேன்."

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். வெகு நாளைக்குப் பிறகு.

அன்றே ஏற்றினார்கள். சில வாரத்தில் புது ரத்தம் ஊறத் தொடங்கியது. இப்போது ஸ்டெல்லா பள்ளிக்கூடம் போகிறாள். முடி சுருட்டையாக வளர்ந்திருக்கிறது. வாய்தான் முன்னைவிட அதிகம்.

முன்பு பண்டிகைக்கு மட்டும் கோயிலுக்குப் போவேன். இப்போது தினமும் வீட்டில் ஜெபம். அணு கொடுத்தவருக்காக, இடம் கொடுத்தவருக்காக, பெட்டிக்காரருக்காக. ஒருவர் பேரும் தெரியாது.

"பேரு தெரியாம எப்படி மேரி வேண்டறது?" என்று கேட்டேன்.

"உனக்குத் தெரியலன்னா இன்னாய்யா? ஆண்டவருக்குத் தெரியும்."

கஷ்டத்தில் இருக்கிறவர்களே, நீங்களும் ஆண்டவரிடம் கேளுங்கள். வார்த்தை வராவிட்டாலும் கேளுங்கள். உங்கள் பேரும் எங்களுக்குத் தெரியாது. இன்றைய ஜெபத்தில் உங்களையும் சேர்த்துக்கொள்கிறோம்.