தங்கச்சி படத்துக்கு என் பெயர்

முந்திரிக்கொட்டை சுடும் புகை மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்குத் தொண்டை காறும். கூடவே பொறாமையும் வரும். கந்தர்வக்கோட்டையில் அப்பா சுட்ட கொட்டைகளை உடைத்துக்கொண்டிருந்த ஒரு மதியத்தில்தான் சுத்தியல் நழுவியது. பக்கவாதத்தில் அப்பாவின் இடது கையும் காலும் விழுந்தன. பேச்சும் போனது.

பாதிப்பு மூளையின் வலப்பக்கம். அங்கே பட்டால் பேச்சு போவது அபூர்வம் என்று யோசித்த டாக்டர், எந்தக் கைப் பழக்கம் என்று கேட்டார். அத்தை கௌரவம் பார்த்தாள். "எங்க வீட்ல எல்லாருக்கும் சோத்துக்கைதாங்க."

"பொய். அப்பா கொட்டை ஒடைக்கிறது பீச்சாங்கையாலதான்" என்றேன் நான். டாக்டர் திரும்பி என்னைப் பார்த்தார். சில இடதுகைக்காரர்களுக்குப் பேச்சு வலப்பக்கம் குடியிருக்கும் என்றார். என் வாய்க்கு மரியாதை கிடைத்த கடைசி நாள் அது.

அதன்பின் வீட்டில் இரண்டு பேர் பேசப் பழகினார்கள்: அப்பாவும், ஒன்றரை வயதுத் தங்கையும். பேச்சுப் பயிற்சி டீச்சர் எங்கள் போட்டோக்களை அட்டையில் ஒட்டித் தந்திருந்தார். அப்பா "மா" என்றால் கைதட்டல். தங்கை "மா" என்றாலும் கைதட்டல். நான் ஒரு பாடத்தையே மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். "ஒனக்குத்தான் வாய் இருக்குல்ல, அங்கிட்டுப் போ" என்றாள் அம்மா.

தங்கை பெயர் அப்பாவுக்கு முதலில் வந்துவிடக் கூடாது. ஆளில்லாத சாயங்காலங்களில் தங்கையின் படத்தைக் காட்டி என் பெயரைச் சொல்லிக்கொடுத்தேன். அப்பா படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கோணிய வாயால் முயன்றார். பத்தே நாளில் வந்துவிட்டது.

டீச்சர் தங்கை படத்தைக் காட்டினார். அப்பா என் பெயரைத் தெளிவாகச் சொன்னார். அடுத்து என் படம். உதட்டை அசைத்து அசைத்துப் பார்த்தார். எனக்கென்று ஒரு பெயரும் மிச்சமில்லை. அப்பா அழுதுவிட்டார்.

"யாருங்கய்யா இப்டிச் சொல்லிக் குடுத்தது? மறுபடி மொதல்லேர்ந்து வரணுமே."

தெரியாதென்று தலையாட்டினார் அப்பா. என் பக்கம் பார்க்கவேயில்லை.

பள்ளிக்கூடம் திறந்ததும் என்னை அத்தையோடு மணமேல்குடிக்கு அனுப்பினார்கள். அம்மாவால் மூன்று பேரைப் பார்க்க முடியவில்லை. பஸ் ஜன்னலுக்கு வெளியே தங்கை அம்மாவின் இடுப்பில் இருந்தாள். "புள்ள பேரச் சொல்லி அனுப்புங்க" என்று அம்மா கெஞ்சினாள். அப்பா அதைச் சொல்லவில்லை. வலது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேறெதையோ தேடினார். வண்டி உறுமியது. அத்தனை மாதமும் அடுத்தவர் சொன்னதையே திருப்பிச் சொன்னவர், எந்த அட்டையிலும் இல்லாத ஒன்றைத் தானாகக் கோத்தெடுத்தார். எனக்கு அது உறைக்கவில்லை. என் பெயர் வரவில்லையே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"நீ... சாப்... ட்டியா?"