ஆயிரம் வாட்ஸ் தாய்மாமன்

உங்கள் அத்தை மகனுக்குக் காது குத்திய அன்று நம் கார் வூஃபர் செத்தது எலி கடித்ததால்தான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். எலி மேல் ஒரு குற்றமும் இல்லை. நான்தான் எரித்தேன். பிள்ளைகளா, நீங்களாவது உண்மையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு மாதம் முன்னாலேயே அத்தை போன் செய்தாள்.

"அண்ணே, எங்க ஓர்ப்படியா மகன் காதுகுத்துக்கு அவ அண்ணன் செண்டமேளம் வச்சு சீர் கொண்டாந்தாரு. இன்னமும் அதையே சொல்லிச் சொல்லிக் காட்டுறா. நீ சும்மா வந்து நின்னுறாதண்ணே, என் மானமே போயிரும்."

"சத்தந்தான ஆத்தா? நான் கொண்டாறேன்" என்றேன். அவள் அழாத குறையாகக் கேட்டிருந்தாள். எனக்குத் தூக்கமே வரவில்லை.

நம்மிடம் ஏற்கெனவே ஓர் ஆம்ப்ளிஃபயர் இருந்தது. பாட்டின் சின்ன மின்சாரத்தைப் பெரிதாக்கி, தம்தம் என்று அடிக்கிற ஸ்பீக்கரான வூஃபருக்கு அனுப்புகிற பெட்டி அது. அதன் அட்டையில் ஆயிரம் வாட்ஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். திண்டுக்கல்லில் பெரிய வூஃபர் ஒன்றை வாங்கியபோது கடைக்காரர் நான் கொண்டுபோயிருந்த அந்த அட்டையைத் திருப்பி, மூலையில் எறும்பு மாதிரி இருந்த எழுத்தைக் காட்டினார்.

"நெசமா இது குடுக்கிறது நூறு வாட்ஸ்தாண்ணே. இந்த வூஃபருக்குப் பத்தாது, இழுத்துக் கூட்டுனா வூஃபரே போயிரும். பெருசா போடுங்க, இல்லாட்டி கொறச்சு வச்சுக் கேளுங்க."

"சின்ன மோட்டார் பெரிய குழாயை உடைச்சிருமா?" என்று கேட்டேன். தோட்டத்து மூளை எனக்கு.

"தண்ணி வேற, இது வேறண்ணே" என்றார். அவர் வியாபாரம் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

காதுகுத்து அன்று காலை ஆத்தூர் பக்கத்துக் கோயிலுக்குப் போனோம். முன்னால் வூஃபர் வைத்த டிக்கியைத் திறந்தபடி நம் கார், பின்னால் சீர்த்தட்டுகளோடு நம் சொந்தக்காரர்கள். அகரத்தில் நம் வீட்டுச் செட்டுக்குள் கூரை ஓடு பெயர்கிற மாதிரி அதிர்ந்த பாட்டு, வெட்டவெளிக்கு வந்ததும் காணாமல் போயிற்று. கோயில் வாசலில் அத்தையோடு அவள் கொழுந்தன் பெண்டாட்டியான அந்த ஓர்ப்படியாளும், ஓர்ப்படியாளின் அண்ணனும் நின்றிருந்தார்கள்.

"வண்டி வந்துருச்சு, பாட்டு பின்னாடி பஸ்ஸுல வருதாண்ணே?" என்றார் அந்த அண்ணன்.

எல்லாரும் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை, தரையைப் பார்த்தாள். நான் காரை நிறுத்தி ஸ்குரூடிரைவரை எடுத்தேன். ஆம்ப்ளிஃபயரில் பாட்டைக் கூட்டிக் குறைக்கிற கெயின் என்று ஒரு திருகு இருக்கிறது. அதற்குமேல் திரும்பாது என்கிற வரைக்கும் திருகினேன்.

கரகரவென்று ஒரு சத்தம் வந்தது பாருங்கள்! மிக்சியில் கொட்டாங்குச்சியைப் போட்டு அரைத்த மாதிரி. நம்பர் பிளேட் தந்தி அடித்தது.

"அப்பா, பாட்டு கிழியுதுப்பா" என்று பின்சீட்டிலிருந்து நீங்கள் சொன்னீர்கள்.

"அதுதான்டா பவரு" என்றேன்.

பவர் இல்லை. பாட்டு அலை அலையாகப் போகிறது. ஆம்ப்ளிஃபயரால் முடியாத உயரத்துக்கு அதை ஏற்றினால் அலையின் உச்சி வெட்டுப்பட்டு மொட்டையாகிவிடும். அந்த மொட்டை அலை காதுக்குக் கரகரப்பு, வூஃபருக்குச் சூடு. வூஃபரின் நடுவில் மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது, சூடு முழுவதும் அதற்குத்தான். அத்தை மகனுக்கு மொட்டை அடிப்பதற்கு முன்னாலேயே நான் பாட்டுக்கு அடித்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் கருகல் வாடை வந்தது. சீர்த்தட்டு தூக்கி வந்த பெண்களெல்லாம் கோயில் மரத்தடியில் சமையல் நடந்த பக்கம் திரும்பினார்கள்.

"ஏப்பா, வெஞ்சனம் தீயுது!" என்று ஒரு குரல். சமையல்காரர் அண்டா அண்டாவாக மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, கரண்டியோடு ரோட்டுக்கே வந்தார். "என்னுது ஒண்ணும் தீயலப்பா! வண்டியைப் பாருங்க!"

டிக்கியிலிருந்து மெல்லப் புகை வந்தது. "டப்" என்றது. அதோடு சரி. கதவிலிருந்த சின்ன ஸ்பீக்கர்கள் மட்டும் கொசு மாதிரி பாடிக்கொண்டிருந்தன. அதையும் நிறுத்திவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அத்தை விறுவிறுவென்று வந்து கதவைத் திறந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"எறங்குண்ணே. தட்டைத் தூக்கு. தாய்மாமன் நீயா, இந்த வண்டியா?"

இறங்கி, வேட்டியும் சங்கிலியும் வைத்திருந்த பெரிய தட்டை உங்கள் அம்மாவிடமிருந்து வாங்கித் தலையில் வைத்தேன். அத்தை வாயருகில் கையை வைத்துக் குலவை போட்டாள். உங்கள் அம்மா சேர்ந்துகொண்டாள். தட்டு தூக்கிய பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்துகொண்டார்கள். மரத்திலிருந்த காக்கையெல்லாம் பறந்துவிட்டன. ஓர்ப்படியாள் கொஞ்ச நேரம் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு பொறுக்க மாட்டாமல் அவளும் போட்டாள், எல்லாரையும்விடச் சத்தமாக.

அவள் அண்ணன் ஒதுங்கி வழிவிட்டார்.

"இந்த ஆம்ப்ளிஃபயர் எத்தன வாட்ஸுண்ணே?" என்று குலவை போடுகிற பெண்களைக் காட்டிக் கேட்டார்.

"அட்டையில போடலையே அப்பு" என்று சொல்லிவிட்டு, தட்டு சரியாமல் பிடித்துக்கொண்டு நடந்தேன். அத்தை எனக்கு முன்னால் தலையை நிமிர்த்திக்கொண்டு போனாள்.