வீட்டில் விழுந்ததாகச் சொன்னேன்

திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மேலாளர் நான். சென்ற ஆண்டு ஆடிக் கிருத்திகைக்கு முன் அவசரமாக வெள்ளையடித்தபோது, சாரம் சரிந்து பெயின்டர் யோகன் கீழே விழுந்தார். அவர் இலங்கையிலிருந்து வந்து அகதிகள் முகாமில் வசிப்பவர். தொடை எலும்பு முறிந்துவிட்டது.

அவரை வேலைக்குக் கூட்டி வந்த பெயின்டிங் கான்ட்ராக்டர் என்னைத் தனியே அழைத்தார். "வீட்ல விழுந்துட்டார்னு சொல்லிடுங்க மேடம். அகதிங்களுக்கு நஷ்டஈடுலாம் கெடையாது. போலீஸ் வந்தா அவருக்குத்தான் தொல்ல."

நம்பினேன். ஆஸ்பத்திரியில் அப்படியே சொன்னேன். "வேலை செய்யேக்கதானே அக்கா விழுந்தனான்?" என்று வலியோடு கேட்டவரை, "சும்மா இருங்க, உங்க நல்லதுக்குத்தான்" என்று அடக்கினேன்.

மாதங்கள் போயும் அவரால் ஏணி ஏற முடியவில்லை. இலவசச் சட்ட உதவி மையத்துக்கு அழைத்துப் போனேன்.

"எந்த நாட்டுக்காரரா இருந்தாலும், வேலையில அடிபட்டா நஷ்டஈடு கேக்கலாங்க. ஆனா ஆஸ்பத்திரி சீட்டுல வீட்ல விழுந்தார்னு இருக்குதே, யாரு சொன்னது?" என்றார் வக்கீல்.

"நான்தான்" என்றேன். நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஆனாலும் ஒவ்வொரு வாய்தாவிலும் கான்ட்ராக்டர் தரப்பு அந்தச் சீட்டைத்தான் நீட்டுகிறது. வழக்கு நகரவே இல்லை. எரிச்சலில் யாரைத் திட்டுவது? என்னைத்தான்.

இப்போது மண்டபத்தில் யாருக்கு அடிபட்டாலும் கூடவே போகிறேன். டாக்டர் கேட்கும்போது மட்டும் நான் வாய் திறப்பதில்லை. அடிபட்டவரையே பேச விடுகிறேன்.