பெல்ட் வைத்துத் தைத்த கைப்பை

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுப் புடவைக் கடையில் வேலை பார்க்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருடம் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. வாடிக்கையாளர் உள்ளே வந்தால் மற்ற பெண்கள் அவர் கட்டியிருக்கும் புடவையைப் பார்ப்பார்கள். என் கண் அவர் கையிலிருக்கும் பைக்குப் போகும்.

போன வருடம் ஆடி முடிந்து முகூர்த்தக் கூட்டம் தொடங்கியபோது, வெளிநாட்டிலிருந்து ஒரு அம்மா தன் மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்தார். அவருடைய பை தேன் நிறத்தில், பெட்டி மாதிரி நிமிர்ந்து நின்றது. பெரிய பெயருள்ள கம்பெனியின் பை. பாய் மேல் வைத்துவிட்டு, “இதைக் கொஞ்சம் பாத்துக்கோங்கம்மா” என்று சொல்லி, இரண்டு புடவைகளோடு வாசல் வெளிச்சத்துக்குப் போனார்.

பார்த்துக்கொண்டேன். நன்றாகவே பார்த்துக்கொண்டேன். அகலம் ஒரு சாண், நாலு விரல். தையல் கொஞ்சம் சாய்ந்து விழுந்திருந்தது. மிஷின் தையல் அப்படி விழாது, கைத்தையல். ஓரங்களில் சாயம் பூசித் தேய்த்திருந்தார்கள். தொடவில்லை. ஆனால் அந்த அம்மா திரும்பி வருவதற்குள் எந்தத் துண்டு எதன் மேல் உட்காருகிறது என்று மனதுக்குள் பிரித்துப் போட்டுவிட்டேன்.

என் வீட்டுக்காரர் ஏனாத்தூருக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அன்று வீட்டுக்கு வந்ததும் அவரிடம் சொன்னேன்.

“நானே ஒண்ணு தைக்கப் போறேங்க.”

“பையா? கடையிலதான் தொங்குதே, வாங்கிக்கினா ஆச்சு.”

“அந்த மாதிரி இங்க எங்கயும் தொங்கல.”

ஷூ கம்பெனியில் என்னோடு இருந்த தோழி, ராணிப்பேட்டையில் மிச்சத் தோல் விற்கும் கடையிலிருந்து ஒரு பெரிய துண்டு வாங்கிக் கொடுத்தாள். செம்மண் நிறம். ஒரு மூலையில் மாட்டுக்கு உண்ணி கடித்த தழும்பு இருந்தது. அவளே, “பித்தளையில அந்த கம்பெனி பேரு மாதிரியே கெடைக்குதுடி, ஒட்டிடு, யாருக்கும் தெரியாது” என்றாள். எனக்கு அது பிடிக்கவில்லை. ராத்திரி பகலாகத் தைக்கப்போவது நான். எதற்கு வேறொருவர் பெயர்?

செவ்வாய்க்கிழமை எனக்கு விடுமுறை. புடவை அட்டைப் பெட்டிகளை வெட்டி முதலில் அளவு எடுத்தேன். அட்டையில் பை அழகாக வந்தது. பிறகு தோலை விரித்து, தழும்பு உள்பக்கம் போகும்படி அளவை வைத்து வெட்டினேன். வீட்டுத் தையல் மிஷினில் ஒரு ஓரத்தை ஓட்டிப் பார்த்தேன். மூன்றாவது தையலிலேயே ஊசி பட்டென்று உடைந்தது. சரி, கைத்தையல்தான்.

துளைகள் ஒரே இடைவெளியில் விழ வேண்டும். யாரோ கல்யாணப் பரிசாகக் கொடுத்து, ஒரு நாளும் சாப்பிடப் பயன்படாத முள்கரண்டியை எடுத்து அழுத்தினேன். வரிசையாக நாலு புள்ளி. என் வீட்டுக்காரர் ஆணியும் சுத்தியலும் வைத்து ஒவ்வொரு புள்ளியையும் துளையாக்கினார். சத்தம் தாங்காமல் கீழ் வீட்டு அக்கா படியேறி வந்தார்.

“இன்னாமா, காலையிலேர்ந்து டொக்கு டொக்குன்னு? வீடு கட்றீங்களா?”

“பை தைக்கிறோங்க்கா.”

“பையா? சுத்தியல வச்சிக்கினா?” என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நூல் தோலில் வழுக்கிப் போக, ஜெபத்துக்கு வைத்திருந்த மெழுகுவத்தியை அதில் தேய்த்துக் கொடுக்கும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார்.

நாலு செவ்வாய்க்கிழமை போயிற்று. கடைசியில் மூடியை வைத்துத் தைத்துவிட்டு மடக்கினால், அது முன்பக்கக் கொக்கிக்கு வந்து சேரவில்லை. இரண்டு விரல் குறை. அட்டை மெல்லிசு, தோல் தடிமன். மடிப்பு எவ்வளவு விழுங்கும் என்று கணக்குப் போட மறந்திருந்தேன். ஆறு வருடம் தோலோடு இருந்தவள் செய்கிற தப்பா இது? பையைக் கட்டில் மேல் வீசிவிட்டுப் போய்ப் பாத்திரம் கழுவினேன். எல்லாப் பாத்திரத்தையும் இரண்டு தடவை கழுவினேன்.

திரும்பி வந்தபோது அவர் பீரோவிலிருந்து தன் கல்யாண பெல்ட்டை எடுத்து, பையின் மேல் குறுக்கே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கறுப்புத் தோல், வெள்ளி நிற பக்கிள்.

“அது உங்க நல்ல பெல்ட்டாச்சே!”

“இன்னா நல்ல பெல்ட்டு? கடைசி ஓட்டையில போட்டாலும் மூச்சு வாங்குது. வெட்டும்மா.”

வெட்டினேன். துளையுள்ள முனை மூடியில், பக்கிள் முன்பக்கத்தில். செம்மண் நிறத்தின் நடுவே ஒரு கறுப்புப் பட்டை நேராக இறங்கியது. மூடினேன், திறந்தேன், மறுபடி மூடினேன். வெளிநாட்டு அம்மாவின் பை மாதிரி இருந்தது. அதுவும் இல்லை, இது வேறு. கீழ் வீட்டு அக்கா பார்த்துவிட்டு, “மாடல்னா இதுதாம்பா மாடல்” என்றார்.

முதல் நாள் கடைக்கு எடுத்துப்போனபோது பஸ் தாமதம். ஊழியர் பைகளைப் பின்னறையில் வைக்க வேண்டும். அவசரத்தில் என்னுடையதைப் புடவை அலமாரி ஓரத்தில் வைத்துவிட்டேன். மதியம் சாப்பாட்டு நேரத்தில் டிபன் எடுக்கப் போனால் பையைக் காணவில்லை. அலமாரி அடியிலெல்லாம் குனிந்து தேடினேன்.

அப்போதுதான் ஒலிபெருக்கியில் மேனேஜர் குரல் கேட்டது. “விலை உயர்ந்த கைப்பை ஒன்று முதல் மாடியில் கிடைத்துள்ளது. தவறவிட்ட வாடிக்கையாளர் கல்லாவுக்கு வரவும்.”

ஓடினேன். கல்லா மேல் ஒரு வெல்வெட் துணி விரித்து, அதன் மேல் என் பையை வைத்திருந்தார்கள். பக்கத்தில் காவலாளி விறைப்பாக நின்றிருந்தார்.

“சார், அது என் பை.”

மேனேஜர் என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார். “விளையாடாதம்மா. கஸ்டமர் தேடிக்கினு இருப்பாங்க.”

அவர் நம்பாதது சுருக்கென்று தைத்தது. ஆனாலும் சிரிப்பும் முட்டிக்கொண்டு வந்தது. “தெறந்து பாருங்க சார். எவர்சில்வர் டப்பாவுல தயிர் சாதம், பக்கத்துல மாங்கா ஊறுகா இருக்குது. ஒரு சீப்பு, கைப்பிடி உடைஞ்ச குடை.”

அவர் பக்கிளைப் பிரித்தார். ஊறுகாய் வாசனை அவரை முந்திக்கொண்டு வெளியே வந்தது. கல்லாவில் இருந்த பெண் முதலில் சிரித்தாள். பிறகு காவலாளி. கடைசியில் மேனேஜரும்.

“எங்க வாங்கின?”

“நானே தச்சேன் சார்.”

அவர் பையை அருகே இழுத்தார். ஓரத்தையும் தையலையும் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் எடுத்து என்னிடம் நீட்டினார். கடைக்கு வந்து ஏழு வருடத்தில் அவர் எனக்கு எதையும் அப்படிக் கொடுத்ததில்லை.

மறுபடி மைக்கைப் பிடித்து, “கைப்பை உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது” என்று அறிவித்தார். நான் என் தயிர் சாதத்தை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போனேன்.