தவராசா அண்ணையின் தகரம்

இது நான் கட்டிச் சொல்வதல்ல. நம்பாதவர்கள் ஒட்டுசுட்டான் பக்கம் வந்து யோகநாதனைக் கேட்டுப் பார்க்கலாம். பேய், பிசாசு என்று யாராவது வாய் திறந்தால் முதலில் சிரித்தவன் நான்தான். அறுபத்து மூன்றாம் ஆண்டு, தை மாதத்து அந்த இரவுக்குப் பிறகு நான் சிரிப்பதில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்தவர்கள் நாங்கள். மாரிமழைக்கு விதைத்த காலபோக நெல் முற்றினால் யானைக்கு மணம் பிடித்துவிடும். அதனால் வயலுக்கு ஒரு காவல் பரண், பரணுக்கு ஒரு ஆள், யானையை விரட்ட அடிப்பதற்கு ஆளுக்கு ஒரு வெறும் மண்ணெண்ணெய்த் தகரம். ஒருவர் அடித்தால் பக்கத்துப் பரணில் இருப்பவர் பதிலுக்கு அடிக்க வேண்டும். பதில் வராவிட்டாலோ, அடி குழம்பினாலோ, பக்கத்துக்காரர் எழும்பிப் போய்ப் பார்க்க வேண்டும். அதுதான் எங்கள் ஒழுங்கு.

சத்தத்தை வைத்தே ஆள் யார் என்று சொல்லிவிடுவோம். எனக்கு மேற்கே தவராசா அண்ணை. மூன்று தரம் அடித்து, கொஞ்சம் விட்டு, தனியாக ஒன்று அடிப்பார். கிழக்கே யோகநாதன். அவன் தகரத்தோடு ஏதோ கோபம் இருப்பதுபோல் அடிப்பான்.

அன்று காலை வேலிக்குக் கட்டை நட்டுக்கொண்டு நின்றபோது என் நெஞ்சு குழம்பியது. சாக்குக்குள் போட்ட சேவல் மாதிரி ஒரே அடிபாடு. மூச்சு வாங்கியது. நேரே டிஸ்பென்சரிக்குப் போனேன்.

அங்கே வைத்தியம் பார்க்கும் அப்போதிக்கரி ஐயா என் மணிக்கட்டைப் பிடித்தபடி கனநேரம் இருந்தார். பிறகு குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டார்.

“எப்ப தொடங்கினது?”

“இண்டைக்குக் காலமைதான் ஐயா.”

“துடிப்பிலை ஒரு ஒழுங்கும் இல்லை, பரமலிங்கம். புதுசா வந்தபடியால் தானாயும் சரிவரும். விடியவும் சரிவரேல்லையெண்டால் முதல் பஸ்ஸிலை யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போம். இழுபட விட்டால் உள்ளுக்கை ரத்தம் உறையும். பிறகு பாரிசவாதம்தான், கைகால் விழுந்திடும். இரவைக்குப் பேசாமல் வீட்டிலை படுத்திரும்.”

விரலை எங்கே வைத்து நாடி பார்ப்பது என்றும் காட்டிவிட்டார்.

என் மனைவி இராசமலர் அழாக்குறையாகச் சொன்னாள். “இண்டைக்கு ஒருநாள் போகாதையுங்கோவன்.”

“நான் போகாட்டி காவலில்லாத அந்த ஓட்டையாலை யானை வந்து எல்லாற்றை வயலையும் முடிச்சிடும்.”

பிடிவாதத்துக்கு என்னை அடிக்க ஆளில்லை. போனேன்.

பரணில் ஏறவே மூச்சு முட்டியது. லாம்பைக் கொளுத்தித் தொங்கவிட்டேன். தகரத்தை அடித்தேன். மேற்கிலிருந்து பதில் வந்தது. டங், டங், டங்... டங். தவராசா அண்ணை வந்துவிட்டார் என்று ஆறுதலாக இருந்தது. தகரத்தைக் கால்மாட்டில் வைத்துவிட்டுச் சாய்ந்தேன். விரல் நாடியில். ஒழுங்கு வரவில்லை. விடிந்தால் பஸ், ஆஸ்பத்திரி, இராசமலர் தனியே... இதுதான் யோசனை.

பன்னிரண்டு மணி கழிந்திருக்கும். தவளைகள் ஒரேயடியாக ஓய்ந்தன.

டங், டங், டங்... டங்.

நான் அடிக்கவே இல்லை. பதில் மட்டும் வந்தது.

இன்னொன்று. சத்தம் முன்னையதைவிடக் கிட்டக் கேட்டது.

பிறகு அடி குழம்பியது. டங்... டங்டங்... ... டங்... டங்டங்டங்... கள்ளுக் குடித்துவிட்டு ஏறியிருக்கிறார் என்று எனக்கு எரிச்சல் வந்தது.

“அண்ணை! என்ன செய்யுறியள்?”

அடி ஓயவில்லை. ஒழுங்குப்படி நான் இறங்கிப் போயிருக்க வேண்டும். அப்போதுதான் விரலில் அதை உணர்ந்தேன்.

நாடி ஒருதரம் துடித்தது. டங்.

இரண்டு, அடுத்தடுத்து. டங்டங்.

நாடி நின்றது. தகரமும் நின்றது.

அவர் என் நெஞ்சை அடித்துக்கொண்டிருந்தார்.

பயத்தில் நெஞ்சு இன்னும் வேகமாக ஓடியது. தகரமும் ஓடியது. காதைப் பொத்தினேன். கேட்டது. சுற்றிப் பார்த்தேன். லாம்பு வெளிச்சத்தில் நான் மட்டும்தான்.

கண்ணை இறுக மூடினேன்.

நெஞ்சில் ஒரு குளிர்... பனி விழுந்த மாதிரி.

டங்டங்... டங்...

நின்றது.

நெஞ்சும்.

...

முடிந்தது என்று நினைத்தேன். முருகா...

டங்.

டங்.

டங்.

ஒரே சீராக. நாடியும் அப்படியே. சத்தம் மெல்ல மெல்ல மேற்குப் பக்கமாகத் தேய்ந்து போனது. எப்போது தூங்கினேன் என்று தெரியாது.

விடிந்தபோது நாடி மணிக்கூடு மாதிரி ஓடியது. தகரம் தலைமாட்டில் கிடந்தது. வந்த சந்தோஷத்தில் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. தவராசா அண்ணையிடம் சொல்லுவோம் என்று வரம்பால் ஓடினேன்.

அவருடைய பரணடியில் சனம். அவரை இறக்கிப் பாயில் கிடத்தியிருந்தார்கள். அவர் மனைவி சிவனேஸ்வரி அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அப்போதிக்கரி ஐயா எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“உமக்கு ஒழுங்கு வந்திட்டுது. நேற்று இதே நாடியோடை ரெண்டு பேர் வந்தவை. முதல் வந்தது தவராசா. அவரையும் படுக்கத்தான் சொன்னனான்.”

“எப்ப ஐயா... எத்தினை மணிக்கு?”

“உடம்பு விறைச்சுப் போச்சு. பொழுதுபட ஏறினவுடனை போயிருக்கிறார்.”

“இல்லை ஐயா, நடுச்சாமத்திலையும் தகரம் அடிச்சவர்...”

யோகநாதன் என் கையைப் பிடித்து ஒருபக்கம் இழுத்துக்கொண்டு போனான். அவன் முகம் வெளிறியிருந்தது.

“அண்ணை, இந்தப் பரணிலை இருந்து ஒரு சத்தமும் வரேல்லை. எல்லாம் உங்கடை பரணிலை இருந்துதான் வந்தது. அடி குழம்பினவுடனை நான் வந்தனான். வரம்பிலை நிண்டு பாத்தன். லாம்பு வெளிச்சத்திலை நீங்கள் ரெண்டு பேரும் இருந்தியள். சுகமில்லாத ஆளுக்குத் துணையா தவராசா அண்ணை வந்திட்டார் எண்டு நினைச்சுத்தான் திரும்பிப் போனனான்.”

நான் அவன் கையை இறுகப் பிடித்தேன்.

“அவர்... என்ன செய்துகொண்டிருந்தவர்?”

“ஒரு கையாலை தகரம் அடிச்சவர்.” அவன் கையை உயர்த்தி அடித்துக் காட்டினான். “மற்றக் கை உங்கடை நெஞ்சிலை இருந்தது.”