எழுத்தைப் போட்டதும் நின்றுபோன கல்யாண வீடியோ

பள்ளிவாசல் என்ற மலையூரில் தேயிலைத் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டுப் பையோடு இறங்கி நடந்துகொண்டிருந்தேன். மழைக்கு ஒதுங்கிய விடுதியில், அதை நடத்தும் மாரியப்பன் அண்ணன் டிவியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி செல்வி அக்காவுக்குக் காய்ச்சலில் காது போய்விட்டது. மகளின் கல்யாண வீடியோவில் யார் என்ன பேசினார்கள் என்று அம்மா வாசிக்கட்டும் என, மகளே தமிழில் சப்டைட்டில் போட்டு அனுப்பியிருந்தாள். முன்னறைக் கம்ப்யூட்டரிலிருந்து டிவிக்கு வரும் அந்த வீடியோ, எழுத்தைப் போட்டதும் நின்று நின்று ஓடியது.

"நெட்டு சரியில்ல தம்பி."

நானும் அதை நம்பி, ஏணி போட்டு வைஃபை பெட்டியை இடம் மாற்றினேன். பயனில்லை. வீட்டுக்குள் இருக்கும் வீடியோவுக்கு நெட் எதற்கு என்று அப்புறம்தான் உறைத்தது.

"எழுத்த நிப்பாட்டிட்டு ஓட்டுங்கண்ணே."

தடையில்லாமல் ஓடியது.

"எழுத்து, எழுத்தா இல்லாம படமா இருக்குண்ணே. அத வீடியோல ஒட்டி ஒட்டி அனுப்ப உங்க பழைய கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்குது."

மகளிடம் சப்டைட்டிலை வெறும் எழுத்துக் கோப்பாகக் கேட்டு வாங்கினேன். வீடியோவின் பெயரையே அதற்கும் வைத்து, அதே ஃபோல்டரில் போட்டேன். வீடியோ நிற்கவில்லை. மாமியார் வைக்கும் மீன் குழம்புக்காகவே சம்மதித்தேன் என்று மருமகன் சொன்ன இடத்தில், அக்கா அண்ணனின் தோளில் ஓங்கி அடித்தார்.

"பக்கத்துலதான நின்னீங்க, இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

இப்போதெல்லாம் எங்கே படம் நின்றாலும், ஒயரைத் தொடுவதற்கு முன் எழுத்தை நிறுத்திப் பார்க்கிறேன். நான் எட்டாவது தாண்டாதவன். ஆனாலும் மறுநாள் காலை, விடுதியின் எல்லா டிவிகளையும் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு என்னை வைத்து, அறைச் சாவிக்கொத்தை அக்காவே என் கையில் கொடுத்தார்.